சீனி போடாத கேக்

டெலானிபூர்,
போர்ட் பிளேயர்.
ஞாயிறு, மதியம்

அன்பு மகள் உமாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அஸ்வின் குட்டியும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்க வேண்டும். நாங்களும் இங்கே சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வார்த்தையைப் போடக் கை வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாரா வாரம் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அப்பா எதற்குப் புதுசாகக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள், நான் எதையாவது உளறிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். தனியாகப் பேசிவிடலாம் என்று ஒரு நாள் அபர்தீன் பஜார் வரைக்கும் போய் அங்கேயிருந்து உன்னைக் கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, வெங்காய விலையைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டேன். என்னப்பா சளி பிடிச்சிருக்கா என்று நீ கூடக் கேட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கீழ்வீட்டு ப்ரியங்கா இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஹிந்தி மீடியத்தில் படித்தவள், தமிழ் பேச வரும், படிக்க வராது, ஆகையால் கூச்சப்படாமல் எழுதலாம். ஆபீசில் வைத்துப் படிக்காதே தாயி, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மழை இந்த வருஷம் விடுவேனா என்கிறது, வீட்டுக்கு ஏறி வரும் படியெல்லாம் பாசி, கைப்பிடிக் கம்பியும் துருப்பிடித்துப் பாதி போய்விட்டது. நான் காலையில் சாத்தம் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டேன், முழங்கால் வலி ஒரு காரணம், மற்ற காரணத்தைக் கீழே எழுதுகிறேன். கப்பல் தள்ளித் தள்ளி வருவதால் மெயின்லேண்ட் சாமான் எதுவும் சரியாகக் கிடைப்பதில்லை. பக்கத்து வரிசை முருகானந்தம் புது வேன் எடுத்திருக்கிறான், பழையதை சௌல்தாரியில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். அவன் நமக்குச் செய்திருக்கிற உதவியை நீ ஊருக்கு வரும்போது மறக்காமல் நினைக்க வேண்டும், ஒரு நல்ல சட்டை வாங்கி வா. ப்ரியங்காவுக்கு ஸ்கூலில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அன்றைக்கு அம்மா அவளுக்கு ஒரு கேக் செய்து கொடுக்கச் சொன்னாள், செய்து கொடுத்தேன்.

கேக் என்று எழுதியதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். ரிடையர் ஆனதிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே ஆசை அந்த ஓவன்தான் என்பது உனக்குத் தெரியும். கெஸ்ட் ஹவுஸ் கிச்சனில் இருந்த வரைக்கும் ஊரார் எல்லோருக்கும் சோறும் குழம்பும் ஆக்கிக் கொட்டினேன், அது சம்பளத்துக்குச் செய்த வேலை. கேக் மட்டும் எனக்கு வேலையாகத் தோன்றியதே இல்லை. வெண்ணெயையும் சீனியையும் போட்டு அடிக்கும்போது முதலில் கரகரவென்று மணலை மிதிக்கிற மாதிரி இருக்கும், அடிக்க அடிக்க வெளுத்துக்கொண்டே வந்து பஞ்சு மாதிரி பொங்கும், அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மனசில் இருக்கிற சங்கடமெல்லாம் போய்விடும். ஓவனில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து வாசனை படியிறங்கிக் கீழே போகும், வரிசையில் இருக்கிற பெங்காலி வீடு, தெலுங்கு வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் கோவிந்தராஜ் அங்கிள் கேக் போட்டுவிட்டார் என்று தெரிந்துவிடும். அம்மா முதல் துண்டைச் சூட்டோடு எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று சாப்பிடுவாள், ஒரு வார்த்தை பாராட்ட மாட்டாள், இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுவாள், அதுதான் பாராட்டு. அவளுக்குச் சுகர் வந்து வருஷக்கணக்கில் ஆகியும் நாங்கள் இரண்டு பேரும் மாத்திரையைப் போட்டுவிட்டு அப்படித்தான் தின்றுகொண்டிருந்தோம். போன தை மாதம் காலில் அந்தப் புண் வந்து, விரலை எடுக்க வேண்டி வருமோ என்று பயந்து, எப்படியோ ஆறியதே, அன்றைக்குத்தான் டாக்டர் கறாராகச் சொன்னது, "மீட்டா ஏக்தம் பந்த், அங்கிள்" என்று, இனிப்பு அறவே கூடாது என்று. கிட்னியும் கொஞ்சம் பாதித்திருக்கிறது, உப்பையும் குறையுங்கள் என்றார். கொஞ்சம் என்றுதான் எங்கள் காதில் விழுந்தது. கூட்டமான நேரம், அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தாலும் நாங்கள் காலைக் காப்பாற்றிக்கொண்ட சந்தோஷத்தில் கேட்டிருக்க மாட்டோம்.

கேக் செய்வதையே விட்டிருக்கலாம். விட்டுப் பார்த்தேன், ஒரு மாதம் ஓவனைத் துணி போட்டு மூடி வைத்தேன். அம்மா சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள், நானும் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவளே துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "சீனிதான கூடாதுன்னு சொன்னாவ, கேக்கே கூடாதுன்னா சொன்னாவ" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. பாதி சீனி போட்டுச் செய்தேன், அது கேக்காகவும் இல்லாமல் ரொட்டியாகவும் இல்லாமல் வந்தது. சீனி என்பது கேக்கில் வெறும் இனிப்புக்கு இல்லை தாயி, வெண்ணெயைப் பொங்க வைப்பது அது, மேலே சிவக்க வைப்பது அது, மறுநாள் வரைக்கும் காய்ந்து போகாமல் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். முழுக்க எடுத்துவிட்டுச் செய்ததை அம்மா கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இத அந்த ஆடுத மேசைக்கு அடியில வைங்க" என்றாள். நீ அனுப்பினாயே ஒரு வெள்ளைப் பவுடர், சீனிக்குப் பதில் போடுவது, அதைப் போட்டுச் செய்தால் வாயில் வைத்ததும் நன்றாக இருந்தது, விழுங்கின பிறகு நாக்கில் மருந்து தடவின மாதிரி ஒரு கசப்பு நின்றுவிட்டது. அதையும் அவள் எனக்காக இரண்டு நாள் தின்றாள், அப்புறம் காக்காய்க்குப் போடுவதைப் பார்த்துவிட்டேன், காக்காயும் தொடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது.

அப்புறம்தான் நீ போனில் சொன்னாய், பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊற வைத்து அரைத்துப் போடுங்கள் அப்பா, கனிந்த வாழைப்பழமும் சேருங்கள், எங்கள் ஆபீசில் சுகர் இருக்கிறவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்து தின்கிறார்கள் என்று. வீடியோவும் அனுப்பினாய், மாப்பிள்ளையின் நண்பர் வந்தபோது பெரிய பெரிய பேரீச்சம்பழமாகப் பை நிறையக் கொடுத்து அனுப்பினாய். நான் அதோடு தேங்காய்ப் பாலும் முந்திரியும் கோதுமை மாவும் சேர்த்து, இரண்டு மூன்று தடவை பதம் மாற்றி மாற்றி, கடைசியில் ஒரு கேக் எடுத்தேன் பாரு, கருஞ்சிவப்பாக, கத்தி வைத்தால் மெதுவாக உள்ளே போகிற மாதிரி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "இது கேக்கு" என்றாள். எத்தனையோ பெரிய அதிகாரிகள் சாப்பிட்டுவிட்டுக் கை கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் பெரிசாக இருந்தது. அன்றிலிருந்து நாள் தவறாமல் சாயங்காலம் அதுதான். மற்ற சாப்பாட்டில் அவளுக்கு ருசியே போய்விட்டிருந்தது, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள், அதனால் இதையாவது தின்கிறாளே என்று நான் காலையிலும் ஒரு துண்டு கொடுத்தேன். ஆனி மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சுகர் நன்றாக இறங்கியிருந்தது, மாத்திரை கூடக் குறைத்தார்கள். உனக்குப் போன் போட்டுச் சொன்னேன், நீ அங்கே கத்தினது இங்கே வரிசை முழுக்கக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன் உமா. சீனி இல்லாமலேயே ஜெயித்துவிட்டோம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போகிறது வா என்றேன். "காலு எம் பேச்சக் கேக்க மாட்டேங்கு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துத் தூக்கினால் துணி மூட்டை மாதிரி சரிகிறாள். முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நெஞ்சுக்குள்ள யாரோ ரொம்ப மெதுவா நடக்குத மாதிரி இருக்குங்க" என்றாள். நான் படியில் நின்று கத்தினேன், முருகானந்தமும் எதிர்வீட்டு பெங்காலிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அந்தப் பாசிப் படியில் இறக்கினார்கள், மழை வேறு. பழைய வேனில் படுக்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நெஞ்சில் ஒட்டுப் போட்டு மெஷினைப் பார்த்ததும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள், என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு லேடி டாக்டர் வெளியே வந்தார், சின்ன வயசு, உன் வயசுதான் இருக்கும். "அங்கிள், ஆன்ட்டி கோ ரோஜ் க்யா கிலாதே தே?" என்று கேட்டார், தினமும் என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று. நான் பெருமையாகத்தான் சொன்னேன் தாயி. சீனி ஒரு பொட்டுக் கூட இல்லை டாக்டர், பேரீச்சம்பழம், வாழைப்பழம், தேங்காய்ப் பால், முந்திரி, எல்லாம் இயற்கை, நானே கையால் செய்கிறேன் என்று. அவர் என்னை உட்காரச் சொல்லி, பக்கத்தில் தானும் உட்கார்ந்து சொன்னார். பழத்தில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறதாம், நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடுமாம், அம்மாவின் கிட்னியால் முடியவில்லை, அது ரத்தத்தில் ஏறி ஏறிக் காலை மடக்கி, இதயத்தையும் நிறுத்தப் பார்த்திருக்கிறது. நான் பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட ஒவ்வொரு சாமானும் அதில் கூடுதலாம். அப்படியானால் சுகர் இறங்கியதே டாக்டர் என்று கேட்டேன். "வோ பீ அச்சா சைன் நஹீ தா, அங்கிள்" என்றார், அதுவும் நல்ல அறிகுறி இல்லை என்று. கிட்னி அடங்கிப் போகும்போது மாத்திரையும், உடம்பில் சுரக்கிற இன்சுலினும் வெளியே போகாமல் தங்கிவிடுமாம், அதனால் சுகர் தானாக இறங்குமாம். நான் ஜெயித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அதைத்தான். அன்றைக்கே கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வைரல் காய்ச்சல், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று உனக்குச் சொன்னோமே, அது இதுதான். அப்புறம் வீடியோவில் அம்மா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மழைக் குளிருக்கு இல்லை.

உமா, இதைப் படிக்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதைச் சொல்லவே கூடாது என்று அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். "எம் பிள்ள அனுப்புன பழத்தத் தின்னுதான் இப்படி ஆச்சுன்னு அவ காதுல விழக் கூடாது, விழுந்துச்சு, நான் ஒங்ககூடப் பேச மாட்டேன்" என்றாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். நீ இன்னொரு பை பழம் கொடுத்து அனுப்பப் போவதாகப் போன வாரம் சொன்னாய், அம்மாவும் அனுப்பு அனுப்பு, ரொம்ப ருசியாயிருக்கு என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு அது தாங்கவில்லை. டாக்டர் தெளிவாகச் சொன்னார், கிட்னி போனது பழத்தால் இல்லை, அது எத்தனையோ வருஷமாகச் சுகரால் கெட்டுக்கொண்டே வந்தது, பழம் இல்லாவிட்டாலும் இந்த வருஷத்துக்குள் இங்கேதான் வந்து நின்றிருப்போம் என்று. நீ உன் அம்மா மேல் இருக்கிற ஆசையில் அனுப்பினாய், நான் ஆசையில் செய்தேன், அவள் ஆசையாகத் தின்றாள். இதில் யாரைப் போய் நான் கோபிக்க. நீ அழுவாய், அழுதுகொள், ஆனால் குற்றவாளி மாதிரி அழாதே.

இப்போது நிலைமை இதுதான். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். காலையில் நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் இறக்குகிறோம், சாயங்காலம் அதே மாதிரி ஏற்றுகிறோம். முருகானந்தம் ஒரு தடவை கூட முகம் சுளித்ததில்லை, மற்றவர்களும் தங்கள் வேலையைத் தள்ளி வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. போன மாதம் ஒரு நாள் கீழே இறங்கியதும், "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு நாள் இருக்கு, நான் உசுரோட இருக்கையிலேயே வாரத்துக்கு மூணு தடவ போய்ட்டு வாரேன்" என்றாள். தூக்கி வந்தவர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. கீழ்த் தளத்தில் வீடு பார்க்கலாம் என்று நான் அலையாத இடம் இல்லை. ஒன்று கிடைத்தது, வீட்டுக்காரர் நாற்காலியையும் கழுத்துக் குழாயையும் கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். மெயின்லேண்ட் கூட்டிப் போகலாமே, என் கிட்னியைத் தருகிறேனே என்று நீ சொல்வாய், அது எனக்குத் தெரியும், என்னுடையதையும்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவளுக்கு இதயமும் பாதிக்கு மேல் பலவீனம், அந்த ஆபரேஷனை எந்த டாக்டரும் தொட மாட்டார் என்று படம் எடுத்துப் பார்த்து இங்கேயும் சொன்னார்கள், ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டதில் சென்னையிலும் அதையேதான் சொன்னார்கள். கழுத்துக் குழாய்க்குப் பதிலாகக் கையில் ஒரு நரம்பை இணைத்து வைக்கப் பார்த்தார்கள், அதுவும் அடைத்துக்கொண்டது. டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கு அவள் பேச மாட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், மறுநாள் கொஞ்சம் தெளிவாள், அதற்கு மறுநாள் திரும்பவும் நாற்காலி.

அங்கே ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்லித் தருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், ஷீலா என்று, மலையாளி, தமிழும் பேசுவாள். எது கொடுக்கலாம் எது கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். பழம் கூடாது, இளநீர் கூடாது, பருப்பு அளவாக, தண்ணீர் கூட அளந்து. அப்படியானால் கேக் என்று ஒன்றை நான் வாழ்நாளில் இனி இவளுக்குக் கொடுக்கவே முடியாதா அம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, சுகரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறோம் அங்கிள், எப்போதாவது ஆசைக்கு ஒரு சின்னத் துண்டு வெறும் மைதாவும் சீனியும் போட்ட வெள்ளைக் கேக் கொடுங்கள், அந்தப் பேரீச்சம்பழக் கேக்குக்கு இது எவ்வளவோ தேவலை என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதை விஷம் என்று இத்தனை மாதம் வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தேனோ அதையே போட்டுச் செய்யச் சொல்கிறாள். அன்றைக்கே வெண்ணெய் வாங்கி வந்தேன், சீனியும். அடிக்க அடிக்க அந்தப் பழைய பொங்கல் பொங்கியது, வாசனை படியிறங்கிப் போனது. அம்மா கட்டிலிலிருந்தே மூக்கைத் தூக்கிப் பார்த்து, "நெசமாவே சீனி போட்டாச்சா" என்று கேட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். வாயில் போட்டவள் மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, மெதுவாக, என் மனசு நோகக் கூடாதே என்கிற மாதிரி, "இரும்பு மாதிரி இருக்குங்க, நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கிய, என் நாக்குதான் செத்துப் போச்சு" என்றாள். கிட்னிக்காரர்களுக்கு அப்படித்தான் ஆகுமாம், வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த மாதிரி தெரியுமாம். மீதியைக் கீழே பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் தின்று முடித்து இன்னும் கேட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகும் நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன். டயாலிசிஸ் அறையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நாற்காலி தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். எனக்கும் சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அதனால் நான் ருசி பார்ப்பதில்லை, பதம் சரியா என்று ப்ரியங்காவைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் சீனியைக் குறைத்து நல்ல கேக் ஒன்று எடுத்துவிடலாம் என்று வீம்புக்குப் பார்க்கிறேன், யாருக்காக என்பதுதான் தெரியவில்லை. ஓவன் சூடானால் அம்மா வாசனையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அந்த ஒன்று மட்டும் இன்னும் அவளுக்குக் கெடவில்லை.

இனி எழுதப் போவதைத்தான் எழுதப் பயந்து இத்தனை பக்கம் ஓட்டிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முருகானந்தம் வாசலில் நிற்கிறான், நான் கெஞ்சுகிறேன், திட்டுகிறேன். அவள் அழவில்லை. எல்லோரும் வெளியே போகட்டும் என்று சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினாள். "எனக்குப் போதும்ங்க. இந்த ஊசியும் குழாயும் எதுக்குன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு, சரியாகுததுக்கு இல்ல, தள்ளிப் போடுததுக்குத்தான. உமா டிசம்பர்ல வாரேன்னு சொல்லியிருக்கா. அது வரைக்கும் தூக்கிட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளையும் பேரனையும் ஒருக்கா மடியில வச்சுப் பாத்துட்டேன்னா, அதுக்கு மேல என்னைய இறக்கப்படாது. எனக்கு இந்த வீட்டுலயே இருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே கம்பியை விட்டாள், அவளே நாற்காலிக்குக் கையை நீட்டினாள். அன்றிலிருந்து முணுமுணுக்காமல் வருகிறாள். டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், நிறுத்தினால் என்ன ஆகும் என்று. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் என்றார். கட்டாயப்படுத்தவும் மாட்டோம், அது அவர்கள் விருப்பம் என்றார்.

இதுதான் என் நிலைமை உமா. நீ சீக்கிரம் வா என்று எழுதினால், சீக்கிரம் முடிந்துவிடும். டிசம்பருக்கே வா என்று எழுதினால், அது வரைக்கும் அந்த ஊசியும் அந்தப் படியும். வரவே வராதே என்றால் பார்க்காமலேயே போய்விடுவாளோ என்று பயம், அவள் உடம்பு டிசம்பர் வரைக்கும் தாங்கும் என்றும் யாரும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் நல்லதாக ஒரு வழி தெரியவில்லை. அவள் மனசை மாற்றலாம் என்று நீ நினைப்பாய், நானும் நினைத்துப் பார்த்தேன், அம்மாவை உனக்குத் தெரியாதா. மாற்றித்தான் எதற்கு என்றும் சில நேரம் தோன்றுகிறது. அவள் பாதி உடம்பாகிவிட்டாள். அப்பாவாக இருந்து உனக்கு ஒரு வழி சொல்ல வேண்டியவன் நான், எனக்குத் தெரியவில்லை, நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு பண்ணுங்கள். நீ எந்த முடிவு எடுத்தாலும் அதைத் தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன், இதை எழுத்திலேயே தருகிறேன், வைத்துக்கொள்.

சின்ன விஷயம் இரண்டு உண்டு. அஸ்வின் வயிற்றில் இருந்தபோது உனக்குச் சுகர் ஏறியதே, அப்புறம் பார்த்தாயா இல்லையா, உடனே ரத்தம் கொடுத்துப் பார், கிட்னிக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தள்ளிப் போடாதே. பிள்ளைக்கு டப்பா ஜூஸ் கொடுப்பதைக் குறை. மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல், அவர் நல்ல மனுஷர், இந்தச் சமயத்தில் அவரிடம் எதையும் மறைக்காதே.

ஆண்டவன் உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது, ஆனாலும் அவள் ஆசீர்வாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், அது எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. டிக்கெட் போட்டால் தேதியை எனக்கு மட்டும் சொல், போனில் அம்மாவிடம் உளறிவிடாதே, நீ வந்து வாசலில் நிற்கும் வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம். தேதி தெரிந்துவிட்டால் அன்றிலிருந்தே எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா
கோவிந்தராஜ்